கோணக்குளத்துக் காருக்குப் பிரை ஊற்றிய கதை

கோணக்குளத்தில் புத்திசாலிகளே கிடையாது என்று சொன்னால் அது பாவம். இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ரொம்ப நல்லவர்கள். இது அவர்களைப் பற்றியது.

அந்த ஊரில் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. தவசிக்கனி, நம்பிராசன், கொம்பையா என்று மூன்று பேருக்கு அது சொந்தம். வாங்கும்போதே பங்கு பிரித்துக்கொண்டார்கள். பின் சீட்டு தவசிக்கனிக்கு. வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருப்பவர், உட்கார்ந்து கவலைப்பட இடம் வேண்டும். முன் சீட்டு நம்பிராசனுக்கு. அவர் எல்லாருக்கும் வழி சொல்லுகிறவர். ஸ்டீயரிங் கொம்பையாவுக்கு. மூவரில் இளையவன், ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

காரில் ஏ.சி. இருந்தது. ஒரு காலத்தில் அது குளிர்ந்துகொண்டும் இருந்தது. போன வருஷம் கொம்பையா வண்டியை ஒரு வைக்கோல் போரில் கொண்டு போய் விட்டான். வண்டிக்குக் கண் பட்டுவிட்டது என்று தவசிக்கனி டவுனுக்குப் போய் ஒரு திருஷ்டிப் பொம்மை வாங்கி வந்தார். சின்னப் பொம்மை சின்னக் கண்ணைத்தான் தடுக்கும் என்று, மாடி வீட்டு நெற்றியில் மாட்டுகிற அளவில், நாக்கைத் தொங்கப்போட்ட தகரப் பொம்மையாகப் பார்த்து வாங்கினார். வண்டியின் முன்பக்கத்துக் கம்பி வலை முழுவதும் மறையும்படி அதை இறுக்கிக் கட்டினார்கள்.

பொம்மை கட்டின அன்றைக்கே ஏ.சி.யில் குளிர் நின்றுபோனது.

"நல்ல வேளை, பொம்மையைக் கட்டினோம். குளிரோட போச்சு. இல்லாட்டி வண்டியே போயிருக்கும்" என்றார் நம்பிராசன். மற்ற இருவரும் சாமியை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

தவசிக்கனியின் மகள் செண்பகம் தையல் டீச்சர். இருபத்தேழு வயது. அவளைப் பெண் பார்க்க இரண்டு தடவை ஆட்கள் புறப்பட்டு வந்தார்கள். இரண்டு தடவையும் வீடு வரைக்கும் வந்து சேரவில்லை. காரணம் அந்தக் கார்தான். பஸ் நிற்கிற விலக்கிலிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர். இவர்கள் விருந்தாளிகளை வண்டியில் ஏற்றி, கண்ணாடிகளை எல்லாம் இறுக மூடுவார்கள். திறந்தால் ஏ.சி. இல்லாத வண்டி என்று நினைத்துவிடுவார்களாம். முதலில் வந்த கூட்டம் பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த டிராக்டரில் ஏறித் திரும்பிப் போனது. இரண்டாவது கூட்டம் டிராக்டருக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

இப்போது மூன்றாவது இடம் வந்திருந்தது. பையன் பெயர் ஆவுடையப்பன், மில் ஆபீசில் வேலை. அவனுடைய தாயார் சிதம்பரத்தம்மாள் போனிலேயே சொல்லிவிட்டார்: "எனக்கு ஒத்தைத் தலைவலி உண்டு. புழுக்கம் ஆகவே ஆகாது. வண்டி குளிரா இருந்தா வாறேன். நடுவழியில தலை வலிச்சா அந்த இடத்துலயே திரும்பிருவேன். பிறகு வருத்தப்படப்பிடாது."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால் வருவதாகப் பேச்சு. செண்பகம் முதல் இரண்டு போட்டோவையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள். இந்தப் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தையல் மெஷின் டிராயரில் ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதைத் தாய் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். இனி வண்டி குளிர்ந்தே ஆகவேண்டும்.

சனிக்கிழமை மூவரும் டவுனுக்குப் போய் மெக்கானிக் ரப்பானி பாயைப் பார்த்தார்கள்.

"வண்டி எங்க?" என்றார் பாய்.

"வெயில் ஏறக்கூடாதுன்னு வீட்டுலயே விட்டுட்டு பஸ்ஸுல வந்தோம்" என்றார் நம்பிராசன்.

பாய் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "நாளைக்கு மக வீட்டுல விசேஷம். நான் ஊர்ல இருக்க மாட்டேன். அடுத்த வாரம்தான் வந்து பார்க்க முடியும். அதுவரைக்கும் நான் சொல்றதைச் செய்ங்க. வண்டியை நிழல்லயே நிப்பாட்டுங்க. கிளப்புறதுக்கு முன்னால கதவைத் தொறந்து உள்ள இருக்கிற சூட்டை வெளியேத்துங்க. முன்பக்கம்தான் காத்து உள்ள போற வழி, அதை எதுவும் மறைக்கக் கூடாது. ஓடும்போது கண்ணாடி மூடியிருக்கணும். அவ்வளவுதான்."

"நாலுதானா பாய்?" தவசிக்கனிக்கு முகம் வாடிவிட்டது. "பொண்ணு விஷயம். இம்புட்டு தூரம் வந்திருக்கோம்."

பாய்க்கு மனசு கேட்கவில்லை. "அஞ்சாவது, பொறுமையா இருங்க" என்றார்.

நம்பிராசன் ஐந்தையும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிழல். தவசிக்கனி வீட்டு வாசலில் பெரிய வேப்பமரம் ஒன்று உண்டு. காலையில் வண்டியை அதன் நிழலில் நிறுத்திவிட்டு மூவரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் நிழல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. எழுந்து வண்டியை ஒரு முழம் தள்ளினார்கள். உட்கார்ந்தார்கள். மறுபடியும் நகர்ந்தது. மறுபடியும் தள்ளினார்கள்.

"அண்ணாச்சி, நாம மரத்தைச் சுத்துறோமா, மரம் நம்மளைச் சுத்துதா?" என்றான் கொம்பையா மூச்சு வாங்கிக்கொண்டு.

"பேசாம தள்ளுடே. பாய் நிழல்லயேன்னு சொல்லியிருக்காரு."

சாயங்காலம் நாலு மணிக்கு நிழல் அடுத்த வீட்டு வேலம்மாவின் மாட்டுத் தொழுவத்துக்குள் போனது. வேலம்மாவிடம் நல்லபடியாகச் சொல்லி, மாட்டை வெளியே கட்டிவிட்டு வண்டியை உள்ளே ஏற்றினார்கள். ஐந்து மணிக்கு நிழல் தொழுவத்துச் சுவர் மேல் ஏறிவிட்டது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"வண்டி சுவர்ல ஏறாதே வே" என்றார் தவசிக்கனி.

கொம்பையா ஒரு பலகை எடுத்து வந்து சுவரில் சாய்த்துவைத்தான். அதற்குள், சாமி புண்ணியத்தில், சூரியன் அடங்கிவிட்டது. நம்பிராசன் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிழல் ஊர் பூரா பரவிட்டுது. இனி எங்க நிப்பாட்டினாலும் நிழல்தான். போய்ச் சாப்பிடுவோம்."

திங்கட்கிழமை சூட்டை வெளியேற்றினார்கள். நாலு கதவையும் திறந்துவைத்து, ஆளுக்கு ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு, அரிசியில் உமி புடைப்பது மாதிரி உள்ளேயிருந்து வெளியே விசிறினார்கள். கால் மணி நேரத்தில் வேலம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நேத்து என் மாட்டை வெயில்ல கட்டினிய. பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு உங்க சூட்டையெல்லாம் என் வீட்டுக்குள்ள விரட்டுதிய. அடுப்பங்கரையில நிக்க முடியல."

மூவரும் அவள் வீட்டு அடுப்பங்கரையில் போய் நின்று பார்த்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சூடாகத்தான் இருந்தது.

"நம்ம சூடுதான்" என்று ஒப்புக்கொண்டார் நம்பிராசன். "எனக்கு அடையாளம் தெரியுது."

அடுத்தவர் வீட்டில் சூட்டைக் கொட்டுவது முறையல்ல. எனவே ஊர்க்காரர்கள் இருபது பேர், காரிலிருந்து குளம் வரைக்கும் வரிசையாக முறத்தோடு நின்றார்கள். கார்ப் பக்கம் நின்றவர் சூட்டை விசிற, அடுத்தவர் அதை வாங்கி அதற்கு அடுத்தவருக்கு விசிற, இப்படியே கை மாறிக் கை மாறிக் குளத்தில் கொண்டு சேர்த்தார்கள். கடைசியில் நின்ற கொம்பையா குளத்துத் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்து, "வெதுவெதுன்னு இருக்கு அண்ணாச்சி! சேர்ந்துட்டுது!" என்று கத்தினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை முன்பக்கம். காற்று உள்ளே போகிற வழியை எதுவும் மறைக்கக் கூடாது அல்லவா? வண்டிக்கு முன்னால் இருபது அடிக்குக் கயிறு கட்டி, யாரும் குறுக்கே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கோழி வந்தாலும் விரட்டினார்கள். தபால்காரர் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்.

செண்பகம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கயிற்றுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, கயிறெல்லாம் கட்டியிருக்கிய. அந்தப் பொம்மை மறைக்குதே?"

தவசிக்கனி பொம்மையைப் பார்த்தார். பொம்மை நாக்கைக் காட்டியது.

"அது நம்ம பொம்மைம்மா. வெளியாள் இல்லையே" என்றார் அன்பாக.

புதன்கிழமை கண்ணாடிகளை மூடி வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். தோசைக்கல்லுக்கு நேரே முகத்தை நீட்டின மாதிரி அனல் அடித்தது. நம்பிராசன் பஸ் டிக்கெட்டை எடுத்துப் படித்தார். ஐந்தாவது ஒன்று பாக்கி இருந்தது. மூவரும் கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளே ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தார்கள். இறங்கும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் தேறும்.

அன்று சாயங்காலம் தவசிக்கனி சாப்பிட உட்கார்ந்தார், சோற்றில் கை வைக்கவில்லை. "இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. மூணாவது இடமும் பாதி வழியில திரும்பிட்டா, நாலாவதா யார் வருவா?" என்றார். தையல் மெஷின் சத்தம் உள் அறையில் சட்டென்று நின்றது.

பேச்சியம்மாள் அப்போது பாலை ஆற்றிப் பிரை ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் தயிராக நாம் ஒரு கரண்டி பழைய மோர் ஊற்றுவோமே, சில ஊரில் உறை என்கிறார்கள், அதுதான் கோணக்குளத்தில் பிரை. கரண்டியைப் பாலுக்கு மேலே பிடித்தபடியே அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தாருங்க. பாலை ஏனத்துல ஊத்தி நிழல்ல வச்சா தயிராகுமா?"

"ஆகாது."

"விசிறினா ஆகுமா?"

"ஆகாது."

"பொறுமையா உக்காந்திருந்தா?"

"எப்படி ஆகும்? பிரை ஊத்தணும்லா?" என்றார் தவசிக்கனி. சொல்லிவிட்டு அவரே எழுந்து நின்றுவிட்டார். "ஏ நம்பி! கொம்பையா! ஓடி வாங்க! நம்ம வண்டிக்குப் பிரையே ஊத்தலடே!"

மூவரும் கூடி யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. பழைய குளிர் தீர்ந்துபோனபோது அடியில் கொஞ்சம் மிச்சம் வைக்கத் தவறிவிட்டார்கள். பிரை இல்லாமல் புதுக் குளிர் எப்படிப் பிடிக்கும்? பிரை தீர்ந்துபோன வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்குவார்கள்.

டவுனில் ஒரு டாக்டர் வீட்டுக்குக் கொம்பையா இளநீர் கொண்டுபோய்ப் போடுவது வழக்கம். அவர்கள் கார் புதிது. கதவைத் திறந்தாலே மார்கழி மாதம் மாதிரி இருக்குமாம். மூவரும் தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு உடனே பஸ் ஏறினார்கள்.

டாக்டர் வீட்டம்மா வாசலுக்கு வந்தார்.

"அம்மா, ஒரு கரண்டி குளிர் வேணும்" என்றான் கொம்பையா, சட்டியை நீட்டியபடி. "உங்க கார்ல இருந்து. பிரைக்குத்தான்."

அந்த அம்மா சட்டியைப் பார்த்தார். மூவரையும் பார்த்தார். பிறகு திரும்பிச் சாமி அறையைப் பார்த்தார்.

"விளக்கு வச்சாச்சேப்பா. விளக்கு வச்ச பிறகு நாங்க பிரை குடுக்கிறது இல்ல. காலையில வாங்க."

மூவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் நம்பிராசன், திரும்பி வரும்போது. "நமக்கு இது தோணாமப் போச்சு பாரு."

வியாழக்கிழமை காலையில் குளித்துவிட்டு மறுபடியும் போனார்கள். டாக்டர் வீட்டு டிரைவர் ஒன்றும் கேட்காமல் ஏ.சி.யைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார். நம்பிராசன் தூக்குச்சட்டியைக் காற்று வருகிற இடத்தில் பத்து நிமிஷம் பிடித்தார். விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"சில்லுங்கு. ஆனா கனமே இல்லையே?"

"நல்ல குளிருக்குக் கனம் இருக்காது வே" என்றார் தவசிக்கனி. "தண்ணி கலந்தாத்தான் கனக்கும்."

மூடியைப் போட்டு, ஈரத்துணி சுற்றிக் கட்டினார்கள். பஸ்ஸில் போனால் குலுங்கும் என்று பதினோரு கிலோமீட்டரும் நடந்தே வந்தார்கள். குடை ஒன்றுதான் இருந்தது. அதைச் சட்டிக்குப் பிடித்தார்கள்.

பொழுது சாயும் நேரத்துக்குப் பேச்சியம்மாள் தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சட்டியை வாங்கிக்கொண்டாள். வண்டியின் வாய் முன்பக்கம்தானே? அதில்தான் ஊற்றவேண்டும். அங்கே பொம்மை இருந்தது.

"இது முழிச்சிட்டிருக்கும்போது ஊத்தினா பிரை திரிஞ்சிரும்" என்றாள் பேச்சியம்மாள். "கழட்டுங்க."

கொம்பையா கம்பியை முறுக்கி அவிழ்த்தான். பொம்மையை வேப்பமரத்தில் சாய்த்து, முகத்தைத் துண்டால் மூடினார்கள். பேச்சியம்மாள் கம்பி வலைக்கு நேரே சட்டியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் வழித்து உள்ளே உதறினாள். ஒரு சொட்டு வீணாகவில்லை. பிறகு வண்டியின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி, பானட்டின் மேல் ஒரு தாம்பாளத்தை மூடிவைத்தார்கள்.

"அப்பா, பிரையெல்லாம் வேண்டாம். பொம்மையைக் கழட்டினதே போதும்" என்றாள் செண்பகம்.

"அது மட்டும் போதும்னா பிறகு பிரை எதுக்கும்மா?" என்று கேட்டார் தவசிக்கனி.

செண்பகம் தையல் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தாம்பாளத்தை எடுத்தார்கள். வேட்டியை மடித்தார்கள். கொம்பையா சாவியைத் திருகி ஏ.சி.யைப் போட்டான். பேச்சியம்மாள் மெதுவாகக் கையை உள்ளே நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள். கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

"உறைஞ்சிட்டுது!" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஊரே வந்து ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்தது. "கட்டியாப் பிடிச்சிருக்கு" என்றாள் வேலம்மா. அவளே சொன்னால் பிறகு பேச்சில்லை.

"சரி, மணி ஏழரை. எட்டு மணிக்கு அவங்க விலக்குல வந்து இறங்கிருவாங்க. வண்டியை எடுடே" என்றார் தவசிக்கனி. கொம்பையா கியரில் கை வைத்தான்.

"அய்யோ, நகத்தாத!" பேச்சியம்மாள் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தாள். "இப்பத்தானே உறைஞ்சிருக்கு! தயிரை ஆட்டினா என்ன ஆகும்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மோராயிரும்" என்றான் கொம்பையா மெல்ல, கியரிலிருந்து கையை எடுத்தபடி.

தவசிக்கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "முந்தி வண்டி போச்சு, குளிர் இல்ல. இப்ப குளிர் இருக்கு, வண்டி போகாது. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?"

செண்பகம் உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் இரண்டு குடை, இன்னொரு கையில் ஒரு செம்பு நீர்மோர்.

"நான் போய் நடத்தியே கூட்டிட்டு வாறேன். காலை வெயில்தானே, குளத்துக் காத்து வரும்."

"பொண்ணே போறதா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உன்னைப் பார்த்துட்டா?" என்று பதறினார் நம்பிராசன்.

"பார்க்கத்தானே மாமா வாறாங்க?"

நம்பிராசன் ரொம்ப நேரம் யோசித்தார். "சரி, போ. ஆனா பொண்ணு நீதான்னு சொல்லிராத" என்று வழி சொன்னார்.

விலக்கில் சிதம்பரத்தம்மாளும் ஆவுடையப்பனும் நின்றுகொண்டிருந்தார்கள். சிதம்பரத்தம்மாள் நெற்றியில் தைலம் தடவி, தலைவலிக்குத் தயாராகவே வந்திருந்தார்.

"வண்டி எங்கம்மா?"

"வீட்டுல இருக்கு. நல்லாக் குளிர்ந்திருக்கு. ஆட்டக்கூடாதுன்னு விட்டுட்டு வந்திருக்காங்க" என்றாள் செண்பகம், தரையைப் பார்த்தபடி.

சிதம்பரத்தம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, ஆட்டக்கூடாதுதான்" என்று தலையாட்டிவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டார். செண்பகம் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள்.

குளக்கரை வழியாக நடந்தார்கள். ஈரக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பாதி வழியில் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து நீர்மோர் குடித்தார்கள். முதல் கூட்டம் திரும்பிப் போன இடம் அது.

"நீ யாரும்மா?"

"அந்த வீட்டுக்கு வேண்டியவ."

"பொண்ணு எப்படி?"

"நல்லாத் தைப்பா. கொஞ்சம் எதிர்த்துக் கேள்வி கேப்பா. ஆனா அந்த வீட்டுல யாரும் பதில் சொல்றதில்ல."

பெண்ணின் போட்டோவைத் தாயாரை விடக் கவனமாகப் பார்த்திருந்த ஆவுடையப்பன் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமினான். சிதம்பரத்தம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வலியே இல்லை.

ஊருக்குள் வந்ததும் அவரை நேராகக் காருக்குத்தான் அழைத்துக்கொண்டு போனார்கள். "நேத்துப் பிரை ஊத்தி உறைஞ்ச குளிர். கதவைக் கொஞ்சமாத் தொறக்கேன். சட்டுன்னு உள்ள போயிருங்க" என்று கொம்பையா கதவை ஒரு முழம் திறந்து, அவரை உள்ளே விட்டு மூடினான். ஊரே கண்ணாடியைச் சுற்றி நின்று பார்த்தது.

பேச்சியம்மாள் தட்டில் பஜ்ஜியும் கேசரியும் கொண்டு வந்தாள். நம்பிராசன் தடுத்தார். "சூடு உள்ள போகப்பிடாது. வெளிய இருந்தே காட்டுங்க." பேச்சியம்மாள் ஒவ்வொரு பஜ்ஜியாகக் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டினாள். இது வாழைக்காய், இது வெங்காயம் என்று வாயசைத்துச் சொன்னாள். சிதம்பரத்தம்மாள் உள்ளேயிருந்து தலையசைத்தார்.

செண்பகம் பட்டுச் சேலை கட்டி, காப்பித் தட்டோடு வந்து நின்றாள். சிதம்பரத்தம்மாள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து அவளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"நீதானா அது?"

"ஆமா அத்தை."

தவசிக்கனி கண்ணை மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டார்.

"பொண்ணைப் பத்தி நீ சொன்னதுல ஒரு பொய்யும் இல்ல" என்றார் சிதம்பரத்தம்மாள். "எனக்குப் பிடிச்சிருக்கு. என் மகனுக்கும் பிடிச்சிருக்கு, அவன் ஏன் இருமினான்னு இப்பத் தெரியுது. ஆனா ஒண்ணு கேக்கணும். அதுக்கு நீங்க சம்மதிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சு."

"என்ன கேட்டாலும் செய்றோம்" என்றார் தவசிக்கனி.

சிதம்பரத்தம்மாள் அவரைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "எங்க கார்லயும் மூணு வருஷமாக் குளிரே பிடிக்கல. சாமிக்கு நேர்ந்துக்கிட்டும் பார்த்தாச்சு. பிரை எங்க வாங்கினிய? எனக்கு ஒரு சட்டி குடுக்கணும்."

தவசிக்கனி அந்த அம்மாளின் காலில் விழப் போனார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஆவுடையப்பன் துண்டை விலக்கிப் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி முன்னால கட்டியிருந்ததா?" என்று செண்பகத்திடம் கேட்டான்.

"ஆமா."

"எங்க வண்டியில முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"கழட்டியிருக்கலாமே?"

"அம்மாகிட்ட யார் சொல்றது?"

செண்பகம் முதல் தடவையாகச் சிரித்தாள். "இனி நான் இருக்கேன். பிரை ஊத்தணும்னு சொல்லிக் கழட்டிருவோம்" என்றாள்.

அவர்கள் புறப்படும்போது சட்டியில் குளிரை நிரப்பி, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தார்கள். "முழுசும் எடுத்துராதிய. அடியில கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்" என்று நம்பிராசன் கதவைச் சட்டென்று சாத்தினார். சிதம்பரத்தம்மாள் சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். விலக்கில் பஸ் வந்து நின்றபோது, குலுங்கும் என்று ஏற மறுத்துவிட்டாராம். திருஷ்டிப் பொம்மையைத் தான் பத்திரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஆவுடையப்பன் கேட்டு வாங்கிப் போனான். வழியில் கை தவறிக் குளத்தில் விழுந்துவிட்டதாகப் பிறகு சொல்லி அனுப்பினான்.

கல்யாணம் ஆவணியில். அதுவரைக்கும் வண்டியை யாரும் ஒரு அடிகூட நகர்த்தவில்லை. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. நாள்தோறும் காலையில் பேச்சியம்மாள் கையை வைத்துப் பார்ப்பாள், குளிர் அப்படியே கெட்டியாக இருக்கும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம். அங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து நாலு தெருவும் சுற்றி அழைத்து வருவது அந்த ஊர் வழக்கம். வழக்கத்தை விட முடியாது. வண்டியையும் ஆட்ட முடியாது. பெரியவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். நம்பிராசன் வழி சொன்னார்.

ஆவுடையப்பன் மாலையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கொம்பையா புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தினார்கள். நாதஸ்வரக்காரர் முன்னால் போக, தட்டு ஏந்தின பெண்கள் பின்னால் போக, ஊர்வலம் மட்டும் புறப்பட்டது. கீழத் தெரு, தெற்குத் தெரு, கோயில் வாசல் என்று எங்கும் நிறுத்தி நிதானமாகச் சுற்றியது. வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்து, கார் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் கொட்டினார்கள். கொம்பையா மேளச் சத்தத்தைக் காதில் வாங்கி, அது திரும்புகிற பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினான். முக்கு வந்தபோதெல்லாம் ஹாரன் அடித்தான். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் பிரேக் போட்டான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஊர்வலம் வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்தது. நம்பிராசன் கண்ணாடியைத் தட்டினார். "மாப்ள, நாலு தெருவும் சுத்தி வந்தாச்சு. இறங்குங்க."

ஆவுடையப்பன் இறங்கினான். வாசல் கதவுக்குப் பின்னால் நின்று செண்பகம் மெல்லக் கேட்டாள்: "பிரயாணம் எப்படி இருந்துது?"

"ஒரு இடத்துலகூடத் தூக்கிப் போடல" என்றான் அவன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பின்னாலேயே கொம்பையா இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினான்.

"அக்கா, ஒரு வாய் காப்பி குடுங்க" என்றான் பேச்சியம்மாளிடம். "கூட்டத்துக்குள்ள ஓட்டி ஓட்டிக் கை விட்டுப்போச்சு."